அடங்காப்பிடாரி என்பது நோயின் பெயரல்ல

ஒரு பையன் வகுப்பில் உட்காராமல் அலைகிறான், வாரத்துக்கு நாலு பென்சில் தொலைக்கிறான், எதிர்த்துப் பேசுகிறான், கோபம் வந்தால் தட்டைத் தூக்கி எறிகிறான் என்றால் வீட்டில் கவலைப்படுகிறார்கள். எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். இதையே ஒரு பெண் செய்தால் வருவது கோபம். அவளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று கேட்கிறார்கள். ‘நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ’ என்பதோடு அந்த விசாரணை முடிந்துவிடுகிறது.

எல்லாப் பையன்களுக்கும் மருத்துவர் கிடைத்துவிடுவதில்லை என்பதும் உண்மைதான். பெரும்பாலானவர்களுக்குப் பிரம்பு கிடைக்கிறது. ஆனாலும் மொழி அவர்களை நடத்தும் விதம் வேறு. துறுதுறு, சுட்டி, வாலு, முரட்டுப் பயல் என்று பையனுக்கான சொற்களில் பாதிக்கு மேல் கொஞ்சல் கலந்திருக்கிறது. வளர்ந்தால் சரியாகிவிடுவான் என்ற வாக்குறுதியும் இருக்கிறது. பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள்: வாயாடி, ராங்கிக்காரி, திமிர்பிடித்தவள், அழுத்தக்காரி, கூறுகெட்டவள், பொறுப்பில்லாதவள், அடங்காப்பிடாரி. இவை அவள் செய்யும் காரியத்தைக் குறிப்பதில்லை, அவளையே குறிக்கின்றன. அவளோடு சேர்த்து அவளை வளர்த்தவளையும் குறிக்கின்றன. கிராமத்து எல்லையைக் காக்கும் பிடாரியின் பெயரையே வசவாக்கிச் சிறுமியின் தலையில் கட்டிய மொழி இது. இந்தச் சொற்களெல்லாம் நோய்க்குறிப்புகளாகச் செயல்படுகின்றன. ஆனால் ஒரே ஒரு மருந்தைத்தான் பரிந்துரைக்கின்றன: அடக்கு.

நான் சொல்ல வருவது இது. குழந்தைப் பருவத்தில் தொடங்கி வளரிளம் பருவம்வரை ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும் நடத்தைக் கோளாறுகள் என்று மனநல மருத்துவம் இன்று எதைச் சொல்கிறதோ, அது பெண் குழந்தைகளுக்கும் வருகிறது. அது அவர்களைக் காயப்படுத்துகிறது, சில நேரங்களில் கொல்கிறது. அதை நோய் என்று பார்க்க மறுத்துக் குணம் என்று பார்ப்பது குடும்பமும் பள்ளியும் சேர்ந்து செய்யும் வன்முறை. அறிவியலும் நெடுங்காலம் அதற்குத் துணைபோயிருக்கிறது.

அளவுகோல் யாருடைய உடம்பில் செய்யப்பட்டது?

1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாமல் இருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். அதற்கு அவர் வைத்த பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை. அவர் எடுத்துக்காட்டிய 20 குழந்தைகளில் 15 பேர் பையன்கள், 5 பேர் பெண்கள். 1937இல் அமெரிக்காவின் ரோட் தீவில் சார்லஸ் பிராட்லி, பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தை 30 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 21 பையன்கள், 9 பெண்கள். 1968இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு இதை ‘மிகை இயக்க எதிர்வினை’ என்று பட்டியலிட்டது. மேசைமேல் ஏறுபவன், ஜன்னல்வழி குதிப்பவன், பக்கத்துப் பையனைத் தள்ளிவிடுபவன் என்று கண்ணுக்குத் தெரியும் இயக்கம்தான் நோய்.

1980இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் பெயர் மாறியது. உடம்பின் ஆட்டத்திலிருந்து மனத்தின் கவனத்துக்கு மையம் நகர்ந்தது. மிகை இயக்கம் இல்லாமலும் கவனக்குறைவு இருக்கலாம் என்று முதல்முறையாக ஒத்துக்கொண்டார்கள். 1987இல் அந்தப் பிரிவை மீண்டும் கலைத்தார்கள். 1994இல் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும், யாருக்கும் தொந்தரவு தராத சிறுமி மருத்துவக் கையேட்டுக்குள் நுழைந்து, வெளியேற்றப்பட்டு, மறுபடி நுழைந்த கதை இது.

ஏ.டி.எச்.டி. என்று இன்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு பற்றிய மிகப் பெரிய சிகிச்சை ஆய்வு அமெரிக்காவில் 579 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1999இல் வெளியானது. அதில் பெண்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சமூகத்தில் பொதுவாகக் கணக்கெடுத்தால் இரண்டு பையன்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்தில் இந்தக் கோளாறு இருப்பதாக 2013இல் வந்த ஐந்தாம் பதிப்புக் கையேடு சொல்கிறது. பெரியவர்களிடையே இந்த இடைவெளி இன்னும் குறைந்து 1.6க்கு 1 என்றாகிறது. குழந்தையில் இல்லாத நோய் பெரியவளான பிறகு புதிதாக முளைத்துவிடவில்லை. குழந்தையாக இருந்தபோது அவளை யாரும் பார்க்கவில்லை.

ஒரே குழந்தை, ஐந்து பெயர்கள்

நடத்தைக் கோளாறுகள் மருந்துக் கடை அலமாரிபோலத் தனித்தனிப் பெட்டிகளில் இருப்பவையல்ல. சற்றுமுன் சொன்ன ஆய்வில் ஏ.டி.எச்.டி. மட்டும் தனியாக இருந்த குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களுக்கு எதிர்ப்பு நடத்தைக் கோளாறோ, பதற்றமோ, வேறொன்றோ கூடவே இருந்தது. ஒரே குழந்தை ஆறு வயதில் ஒரு பெயரோடும் பத்து வயதில் வேறொரு பெயரோடும் பதினைந்து வயதில் மூன்றாவது பெயரோடும் வருகிறது. பழைய பெயர் போய்ப் புதிய பெயர் வருவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று படிகிறது.

எப்படிப் படிகிறது என்பதை ஒரு கற்பனைப் பெண்ணை வைத்துப் பார்ப்போம். அவளுக்கு ஆறு வயது. ‘போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வா’ என்றால் போகிற வழியில் பூனையைப் பார்த்து நின்றுவிடுகிறாள். அம்மா இரண்டாம் முறை சொல்கிறாள், மூன்றாம் முறை கத்துகிறாள். சிறுமி திருப்பிக் கத்துகிறாள். வேனுக்கு நேரமாகிவிட்டதால் அம்மாவே செருப்பை மாட்டிவிடுகிறாள். இன்னொரு நாள் முதுகில் ஒன்று வைக்கிறாள். கத்தினால் வேலை தள்ளிப்போகும் என்று சிறுமி கற்கிறாள். அடித்தால்தான் நடக்கும் என்று அம்மா கற்கிறாள். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓரிகனில் பல ஆண்டுகள் குடும்பங்களைக் கவனித்து, 1982இல் ஒரு நூலில் விரிவாக எழுதியது இந்தச் சுழலைத்தான். ஒருவரையொருவர் வற்புறுத்தி வற்புறுத்தி இருவருமே சிக்கிக்கொள்ளும் வளையம். இதில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் கவனக்குறைவோடு பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பு நடத்தை என்ற இரண்டாவது அடுக்கு இந்த வளையத்தில்தான் ஏறுகிறது.

எதிர்ப்பு நடத்தைக் கோளாறின் உள்ளேயே இரண்டு வேறு சரடுகள் இருப்பதைக் கடந்த இருபதாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்று எரிச்சல்: எளிதில் சீறுவது, எப்போதும் மனத்தாங்கலோடு இருப்பது. மற்றது மீறல்: விதியை மறுப்பது, வேண்டுமென்றே சீண்டுவது. மீறல் பிற்காலத்தில் திருட்டு, அடிதடி, பள்ளியைவிட்டு ஓடுவது போன்ற கடும் நடத்தைக் கோளாறை நோக்கிப் போகக்கூடியது. எரிச்சல் மனச்சோர்வையும் பதற்றத்தையும் நோக்கிப் போகக்கூடியது. ‘எதுக்கெடுத்தாலும் சுள்ளுனு விழறா’ என்று நாம் அலுத்துக்கொள்ளும் பத்து வயதுக்காரி நாளைய ரௌடியாக வளர்வதைவிட, நாளைய துயரியாக வளரும் வாய்ப்பே அதிகம். அவளுடைய கோபத்தை நாம் துக்கமாகப் படிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை.

இதற்கிடையில் அவள் வகுப்புத் தோழிகளை இழக்கிறாள். குறுக்கே பேசுகிறாள், விளையாட்டில் தன் முறைக்குக் காத்திருப்பதில்லை, சொன்ன ரகசியத்தை மறந்துபோய் யாரிடமோ உளறிவிடுகிறாள். பையன்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு அடி விழும், மறுநாள் சேர்த்துக்கொள்வார்கள். பெண்கள் கூட்டத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வதந்தி, ஒதுக்கிவைத்தல், உறவை ஆயுதமாக்குதல் ஆகியவையும் தாக்குதலின் வடிவங்களே என்று 1990களில் நிக்கி கிரிக் எழுதும்வரை, குழந்தைகளின் வன்முறை என்றால் உதையும் குத்தும் மட்டும்தான் என்று ஆய்வுலகம் நம்பியிருந்தது.

பிறகு பூப்பெய்துகிறாள். நம் ஊரில் அன்றோடு ஓட்டம் நிற்கிறது. தெருவில் சைக்கிள் இல்லை, மாடியில் பம்பரம் இல்லை, வாசலில் நிற்கவும் ஒரு கணக்கு. ஓடியாடித் தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொண்டிருந்த உடம்பிலிருந்து அந்த ஒரே வடிகாலையும் பிடுங்கிவிட்டு, ‘பெரிய மனுஷியாயிட்டே, அடக்கமா இரு’ என்கிறோம். அவள் அடக்கமாக இருக்கக் கற்கிறாள். கால் ஆடுவதைப் பாவாடைக்குள் ஒளிக்கிறாள். பாடத்தில் மனம் நிற்காததால் ஒரே பக்கத்தை ஐந்து முறை படிக்கிறாள், இரவு ஒரு மணிவரை விழித்திருக்கிறாள். தோழியின் நோட்டைக் கெஞ்சி வாங்கிப் பிரதி எடுக்கிறாள். ஆசிரியருக்கு அவள் ‘உழைப்பாளி, சுமாரான மூளை’. ஆறு வயதுக் கோளாறு போய்விட்டது என்று வீடு நிம்மதியடைகிறது. எங்கும் போகவில்லை, அவள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

எத்தனை நாள் உட்கார முடியும்? கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்டீஃபன் ஹின்ஷா என்ற உளவியலாளர் 1990களின் இறுதியில் 6 முதல் 12 வயதுவரையிலான 228 சிறுமிகளைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். 140 பேருக்கு ஏ.டி.எச்.டி. இருந்தது, 88 பேருக்கு இல்லை. பத்தாண்டு கழித்து அவர்களைத் தேடிப் பார்த்ததன் முடிவு 2012இல் வெளிவந்தது. கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்திருந்த சிறுமிகளில் 22 சதவீதம் பேர் அதற்குள் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். கோளாறு இல்லாத குழுவில் இது 6 சதவீதம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டவர்கள் முதல் குழுவில் 51 சதவீதம், கோளாறு இல்லாத குழுவில் 19 சதவீதம். பையன்களைப் பற்றிய ஆய்வுகள் கார் விபத்தையும் போதைப்பொருளையும் காவல் நிலையத்தையும் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், பெண்கள் தங்கள் மணிக்கட்டின் மேல் வேறொரு கணக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இது தலைவிதி அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறுவயதில் ஏ.டி.எச்.டி. உள்ள பெரும்பாலான குழந்தைகள் கடும் நடத்தைக் கோளாறுக்குப் போவதில்லை. மேற்சொன்ன சிறுமிகளிலும் பெரும்பான்மையோர் தற்கொலைக்கு முயலவில்லை. ஒவ்வொரு அடுக்கும் ஏறுவதற்கு முன்பு ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் யாராவது கைநீட்டினால் கதை மாறும். பெண் குழந்தைகள் விஷயத்தில் யாரும் கைநீட்டுவதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

வெறியாட்டுக்களம்

சங்க அகப்பாடல் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, மேனியில் பசலை படர்கிறது, உண்பதில்லை, உறங்குவதில்லை. தாய் கலங்கிப்போய்க் கட்டுவிச்சியை அழைக்கிறாள். கழங்கு உருட்டிப் பார்க்கிறார்கள். முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று முடிவாகிறது. வேலன் வருகிறான், களம் அமைக்கிறான், ஆட்டுக்குட்டியைப் பலியிடுகிறான். ஊரே கூடியிருக்கும் அந்தக் களத்தில் ஒரே ஒரு காரியம் மட்டும் நடப்பதில்லை. நோயுற்றவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த அபத்தத்தை அந்தப் பாடல்கள் நன்றாகவே அறிந்திருந்தன; வேலனை மட்டுமல்ல, முருகனையே தோழி எள்ளுகிறாள்.

வகுப்பில் இந்தத் துறையை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். நம் வீடுகள் இன்றும் அந்தக் களத்தில்தான் நின்றுகொண்டிருக்கின்றன என்றதும் சிரிப்பு நின்றுவிடும். பதினாலு வயதில் பேச்சைக் குறைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்ணுக்கு முதலில் மந்திரித்த கயிறு. அடுத்து ‘செல்போன்தான் காரணம்’ என்ற தீர்ப்பு. அடுத்து இற்செறிப்பு: டியூஷன் நிறுத்தம், கைப்பேசி பறிமுதல், தோழி வீட்டுக்குப் போகத் தடை. அதற்குள் தெருவில் அலர் எழுந்துவிடுகிறது. இறுதி மருந்தாக நொதுமலர் வரைவு: ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப்போகும்.’ அகத்திணையின் துறைப் பெயர்களை ஒன்றுகூட விடாமல் இன்றைய சிகிச்சைத் திட்டமாக எழுதிவிடலாம்.

திருமணம் சரிசெய்யாது. பெர்க்லி ஆய்வின் பிந்தைய கட்டங்கள், இந்தக் கோளாறோடு வளர்ந்த பெண்கள் திட்டமிடாத கர்ப்பத்துக்கும் துணைவரின் வன்முறைக்கும் மற்றவர்களைவிட அதிகம் ஆளானதைக் காட்டுகின்றன. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகும் மனைவி, எதிர்த்துப் பேசும் மருமகள், கணக்கில் பத்து ரூபாய் உதைக்கும் குடும்பத் தலைவி ஆகியோர் நம் வீடுகளில் எதற்கு ஆளாவார்கள் என்று சொல்ல எனக்கு ஆய்வு வேண்டியதில்லை.

பையன்களை வைத்துச் செய்த வகைப்பாடு இன்னொரு தவறான நிம்மதியையும் தந்திருக்கிறது. 1993இல் டெரி மோஃபிட் சமூக விரோத நடத்தையை இரண்டு பாதைகளாகப் பிரித்தார். சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்வது ஒன்று. வளரிளம் பருவத்தில் தோன்றி அதோடு அடங்குவது மற்றது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், முதல் பாதையில் ஒரு பெண்ணுக்குப் பத்து ஆண்கள் என்று கணக்கு வந்தது. பெண்களிடம் இத்தகைய நடத்தை தோன்றினால் அது பெரும்பாலும் வளரிளம் பருவத்தில்தான். இதைக் கேட்டதும் ‘அப்படியானால் தானாக அடங்கிவிடும்’ என்று மூச்சுவிடத் தோன்றும். ஆனால் பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடிய பையன் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தால் சோறு போடுகிறோம். ஓடிய பெண்ணுக்கு அந்த இரண்டு நாள் எஞ்சிய வாழ்க்கையாகிவிடுகிறது. கோளாறு அடங்கினாலும் தண்டனை அடங்குவதில்லை.

‘கலகத்தை நோயாக்காதீர்கள்’

எதிர்ப்பு நம் பக்கத்திலிருந்தும் வருகிறது. பெண்ணியத் தோழிகள் கேட்கிறார்கள்: அடங்க மறுக்கும் பெண்ணை நோயாளி என்பதுதானே ஆணாதிக்கத்தின் பழைய தந்திரம்? ஹிஸ்டீரியா என்று நூற்றாண்டுக்கணக்கில் சொன்னவர்கள்தானே இவர்கள்? இப்போது அதே ஆட்களிடம் நம் பெண்களை ஒப்படைக்கச் சொல்கிறாயா?

இது அலட்சியமாகத் தள்ளக்கூடிய கேள்வியல்ல. 1851இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், எஜமானரிடமிருந்து தப்பியோடும் அடிமைகளுக்கு ‘டிராப்டோமேனியா’ என்ற நோய் இருப்பதாக எழுதினார். தன்பாலீர்ப்பு 1973வரை அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் நோயாக இருந்தது. எதிர்ப்பு நடத்தைக் கோளாறின் அடையாளங்களில் ஒன்று அதிகாரத்தில் உள்ளவர்களின் சொல்லை அடிக்கடி மறுப்பது. யாருடைய அதிகாரம் என்று கையேடு கேட்பதில்லை. பள்ளிக் கழிப்பறையைக் கழுவச் சொன்னால் மறுக்கும் தலித் மாணவியை ‘ஒழுங்கீனம்’ என்று எழுதும் தலைமையாசிரியருக்கு இந்தப் பட்டியல் கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஒரே நடத்தைக்குச் சாதியைப் பொறுத்து ‘சுட்டி’ என்றும் ‘ரௌடி’ என்றும் பெயர் மாறுவதை நம் பள்ளிகளில் படித்த எவரும் பார்த்திருப்பார்கள்.

ஆனால் இந்த அச்சத்தின் பெயரால் எல்லாத் துன்பத்தையும் கலகம் என்று கொண்டாடுவது, துன்பப்படுபவளுக்கு நாம் செய்யும் துரோகம். கலகத்துக்கு ஓர் இலக்கு உண்டு. அது எதை மறுக்கிறதென்று அறியும், இடம் பார்க்கும், களைப்பிலும் ஒரு பெருமிதம் தரும். தனக்குப் பிடித்த நாவலின் நாலாம் பக்கத்தைத் தாண்ட முடியாமல் தன்னையே அறைந்துகொள்ளும் பெண் யாருக்கு எதிராகக் கலகம் செய்கிறாள்? உயிர்த்தோழியின் பிறந்தநாளை மூன்றாம் ஆண்டாக மறந்துவிட்டு, தன்னைப்போல ஒரு ஜென்மம் இருக்கவே கூடாது என்று அழுபவளின் எதிரி எந்த ஆணாதிக்கம்? அவளிடம் போய் ‘நீ அடங்காதவள், வாழ்க’ என்று சொல்வது கவிதைக்கு உதவலாம். அவளுக்கு உதவாது. நானும் கவிதை எழுதுகிறவள்தான். அடங்காத பெண்ணைப் படிமமாக்கும் சுகம் எங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்களில் சிலர் படிமமாவதற்கு முன் தூங்க விரும்பினார்கள்.

பிரித்தறிய வழியில்லாமல் இல்லை. மூன்று கேள்விகள் போதும், தொடங்குவதற்கு. எங்கே? ஓர் ஆசிரியரிடம் மட்டும், ஓர் உறவினர் வரும்போது மட்டும் அவள் சீறுகிறாள் என்றால் கோளாறை அவளிடம் தேடாமல் அந்த ஆசிரியரிடமும் உறவினரிடமும் தேடுங்கள். எப்போதிலிருந்து? ஏ.டி.எச்.டி.யின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது கையேட்டின் விதி. நன்றாக இருந்த பெண் பதிமூன்று வயதில் திடீரென்று படிப்பைவிட்டு, எரிந்து விழுந்து, குளியலறைக்குள் மணிக்கணக்கில் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது ‘உனக்கு யாராவது ஏதாவது செய்தார்களா?’ என்பதுதான். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் கவனச் சிதறலும் கோபமும் வீட்டைவிட்டு ஓடுவதும் வெளிப்பார்வைக்கு நடத்தைக் கோளாறுபோலவே இருக்கும். 2012இன் போக்சோ சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. மூன்றாவது, யாருக்கு வலிக்கிறது? அவளுடைய நடத்தையால் அதிகாரத்துக்கு மட்டும் வலித்தால் அவளை விட்டுவிடுங்கள். அவளுக்கு வலித்தால் உதவி தேடுங்கள்.

தாய்மீது விழும் கல்

பெண் குழந்தையின் நடத்தைக்கு ஒரு குற்றவாளி வேண்டும் என்றால் தேடவே வேண்டாம், தாய் தயாராக நிற்கிறாள். ஆட்டிசத்துக்குக் காரணம் அன்பற்ற ‘குளிர்பதனப் பெட்டித் தாய்மார்கள்’ என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் பரப்பிய கருத்து ஒரு தலைமுறைத் தாய்களைக் குற்றவுணர்வில் தள்ளியது. அது தவறென்று அறிவியல் கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று. நம் தெருக்கள் கைவிடவில்லை. ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற இரண்டு சொல்லில் அதே கல்லை இன்றும் எறிகிறோம்.

இரட்டையர் ஆய்வுகளின்படி ஏ.டி.எச்.டி.க்கான சாய்வில் 70 முதல் 80 சதவீதம்வரை மரபுவழிப்பட்டது. இந்த எண்ணை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். பால் பொங்கவிட்டதற்காக மாமியாரிடம் ‘கூறுகெட்டவள்’ என்று இருபதாண்டு பேச்சு வாங்கிய அந்தத் தாய்தான் ஒருவேளை இந்த வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத முதல் சிறுமி. மகளை அவள் அடிக்கும்போது தான் அடிவாங்கிய காரணத்துக்காகவே அடிக்கிறாள். தந்தையின் மரபும் இதில் பாதி. ஆனால் ‘உங்கப்பன் மாதிரியே’ என்பது நம் ஊரில் பெரும்பாலும் பாராட்டு.

வற்புறுத்தல் வளையத்தை உடைக்கப் பெற்றோர் பயிற்சி என்ற ஒன்று இருக்கிறது. சுருக்கமாகக் கட்டளையிடுவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்வது, செய்ததை அந்த நொடியே பாராட்டுவது, தண்டனையைச் சிறிதாகவும் மாறாமலும் வைத்துக்கொள்வது ஆகியவை அதன் சாரம். சிறு குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்பு செய்ய வேண்டியது இதுதான். தேவையான குழந்தைகளுக்கு மருத்துவர் கண்காணிப்பில் மருந்தும் பலன் தருகிறது. ‘பைத்தியத்துக்கான மாத்திரை’ என்று அதைக் கழிவறையில் கொட்டுவது வீரமல்ல. ஆனால் பயிற்சி வகுப்புக்கு வருபவர் யார்? பெற்றோர் என்று பலகையில் எழுதியிருக்கும். உள்ளே தாய்கள் உட்கார்ந்திருப்பார்கள். தந்தை வாகனம் நிறுத்துமிடத்தில் இருப்பார். தந்தையையும் அந்த நாற்காலியில் உட்காரவைக்காத எந்தச் சிகிச்சையும் தாயின் வேலைப் பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்ப்பதோடு முடிந்துவிடும்.

என்ன வேண்டும்?

2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் ஏறக்குறைய மூன்று பேர். மதிப்பெண் பட்டியலில் தேறாதவர்கள் யாரென்று ஒவ்வொரு ஆசிரியருக்கும் தெரியும். இந்த மூன்று பேர் யாரென்று எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்?

ஆசிரியர் பயிற்சியில் இது பாடமாக வேண்டும். சத்தம் போடுபவனை மட்டுமல்ல, சத்தமில்லாமல் மூழ்குபவளையும் காணும்படி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது; கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் என்ற சின்னச் சலுகைகூட இந்தக் குழந்தைகளுக்கு உரிமையாகக் கிடைப்பதில்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டும். பெண்கள் பள்ளிகளில் விளையாட்டு மைதானம் வேண்டும். பூப்புக்குப் பிறகும் பெண்கள் அதில் ஓட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதச் சொல்கிறது. கையை அறுத்துக்கொண்ட மாணவியை விடுதியிலிருந்து நீக்கும் கல்லூரி நிர்வாகங்களுக்கு இதை யாராவது படித்துக்காட்ட வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் கட்டணமில்லாதவை. ஒவ்வொரு பெண்கள் கழிப்பறைக் கதவிலும் அவற்றை எழுதிவைக்கலாம்.

இவற்றையெல்லாம் அரசு செய்யும்வரை காத்திருக்க முடியாத ஒரு காரியம் இருக்கிறது. வெறியாட்டுக்களத்தில் எல்லாரும் கழங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் தலைவியைப் பார்க்கிறாள். உண்மையை உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்லிவிடுகிறாள். அதற்கு நம் இலக்கணம் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். இதைப் படிக்கும் மாணவிகளே, உங்கள் விடுதி அறையில், பேருந்தில் பக்கத்து இருக்கையில், உங்கள் தங்கையின் கட்டிலில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இன்றே நிறுத்துங்கள். என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அவள் முதல்முறை ‘ஒண்ணுமில்ல’ என்பாள். இரண்டாம் முறையும் கேளுங்கள்.